அட்மின் பாஸ்வேர்ட் யார் கையில்?

இந்த முறை வந்த கடிதங்களில் ஒரே சர்வர் ரூம் வாசனை. எல்லாமே உருப்படியான கேள்விகள் என்பதால் சினிமாவும் அரசியலும் அடுத்த இதழுக்கு.

பி.ஏ.எம். (பிரிவிலேஜ்டு ஆக்சஸ் மேனேஜ்மென்ட்) மென்பொருள் என்கிறார்களே, சாதாரண பாஸ்வேர்ட் மேனேஜருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?
– ஈரோடு வாசகர்

பாஸ்வேர்ட் மேனேஜர், பாஸ்வேர்டை உங்களுக்கு ஞாபகப்படுத்தும். பி.ஏ.எம். அதை உங்கள் கண்ணிலேயே காட்டாது. தானே சர்வருக்குள் அழைத்துப்போகும், நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு கட்டளையையும் பதிவு செய்யும், நீங்கள் வெளியே வந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிடும். கல்யாண வீட்டில் ஸ்டோர் ரூம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, யார் எத்தனை தேங்காய் எடுத்தார்கள் என்று நோட்டில் எழுதும் பெரியப்பா அது. அவர் இல்லாத கல்யாணத்தில்தான் முந்திரி காணாமல் போகும்.

சைபர்ஆர்க், பியாண்ட்டிரஸ்ட், டெலீனியா, மேனேஜ்எஞ்சினின் பி.ஏ.எம்.360. நாலு கொட்டேஷனும் மேஜை மேல் இருக்கிறது. எது பெஸ்ட்?
– ஐ.டி. மேலாளர், தரமணி

கொட்டேஷனை மூடிவிட்டு ஒரு பட்டியல் எடுங்கள். விண்டோஸ் சர்வர் எத்தனை, லினக்ஸ் எத்தனை, ஸ்விட்ச், ஃபயர்வால், டேட்டாபேஸ், கிளவுட் கணக்கு எத்தனை? ஒவ்வொன்றுக்கும் அட்மின் யார் யார்? இது தெரியாமல் வாங்கினால் எதை வாங்கினாலும் தண்டம்.

பட்டியல் இருந்தால் என் தீர்ப்பு இது. ஆயிரக்கணக்கில் சர்வர், பழைய மெயின்ஃப்ரேம், பல நாடுகளில் கிளை, தனியாக ஒரு பாதுகாப்புக் குழு என்றால் சைபர்ஆர்க். ஆழம் அதிகம், ஓட்டுவதற்கு ஆளும் அதிகம் வேண்டும். வெளியாட்கள் தூரத்திலிருந்து உள்ளே வந்து வேலை பார்ப்பதும், ஊழியர் லேப்டாப்பில் அட்மின் உரிமையைப் பிடுங்குவதும்தான் தலைவலி என்றால் பியாண்ட்டிரஸ்ட். சீக்கிரம் நிறுவி, சீக்கிரம் பழக வேண்டுமா? டெலீனியாவின் சீக்ரெட் சர்வர். ஏற்கெனவே மேனேஜ்எஞ்சின் கருவிகள் ஓடுகின்றன, பணமும் அளவோடுதான் என்றால் பி.ஏ.எம்.360. மும்பைக் கம்பெனிகளான ஆர்கானையும் செக்டோனாவையும் ஐந்தாவது, ஆறாவது கொட்டேஷனாகக் கேட்டுப் பாருங்கள். முதல் நாலு பேரின் விலையும் கொஞ்சம் இறங்கும்.

கார்ட்னர் ஆய்வு நிறுவனத்தின் தரக் கட்டத்தில் வலது மேல் மூலையில் இருப்பதை வாங்கிவிட்டால் மேலதிகாரி கேள்வி கேட்கமாட்டார் அல்லவா?
– வேலூர் வாசகர்

மேலதிகாரி கேட்கமாட்டார். ஹேக்கர் கேட்பான். பி.ஏ.எம்.முக்கு அந்தக் கட்டம் 2018 முதல் வருகிறது. விற்கும் கம்பெனியின் தொலைநோக்கையும் செயல்திறனையும் அது அளக்கிறது. உங்கள் சர்வர் ரூமை அளந்ததில்லை.

டெலீனியா புதுக் கம்பெனியா? நம்பலாமா?
– மதுரை வாசகர்

பெயர்தான் புதுசு. தைகோட்டிக், சென்ட்ரிஃபை என்ற இரண்டு பழைய கம்பெனிகள் 2021-ல் இணைந்து, 2022-ல் டெலீனியா ஆயின. பியாண்ட்டிரஸ்ட் கதை இன்னும் சுவாரசியம். 2018-ல் அதை பாம்கார் என்ற கம்பெனி வாங்கி, வாங்கிய சரக்கின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. 1999-ல் இஸ்ரேலில் பிறந்த சைபர்ஆர்க்கை ஏறக்குறைய 2,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் 2025 ஜூலையில் அறிவித்தது.

இந்தத் தெருவில் போர்டு மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே மூன்று விஷயங்களை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். புதுப்பிக்கும்போது விலையை எவ்வளவுக்கு மேல் ஏற்றக்கூடாது? கம்பெனி கைமாறினால் பழைய லைசென்ஸ் செல்லுமா? நீங்கள் விலகினால் பாஸ்வேர்ட் பெட்டகத்தில் இருப்பதை எந்த வடிவத்தில் திருப்பித் தருவார்கள்? சேல்ஸ்மேன் வாயால் சொன்னது, அவர் வேலை மாறும் நாளோடு சரி.

அண்ணாச்சி, தென்காசிக்காரன் கேட்கிறேன். நம்ம ஊர் சோஹோ சாமானை நம்பி வாங்கலாமா?
– தென்காசி வாசகர்

தாராளமாக. மத்தளம்பாறையில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுதலாம் என்று காட்டிய கம்பெனி, பெருமைப்பட வேண்டிய விஷயம். மேனேஜ்எஞ்சின் அதன் ஒரு பிரிவு.

ஆனால் இதையும் கேளும். 2022-ல் பி.ஏ.எம்.360-லும் பாஸ்வேர்ட் மேனேஜர் புரோவிலும் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. லாகின்கூடச் செய்யாமல் வெளியாள் அந்த சர்வரில் கட்டளை ஓட்டலாம். ஜூனிலேயே பேட்ச் வந்துவிட்டது. செப்டம்பரில் அமெரிக்காவின் சிசா அமைப்பு, தாக்குதலில் பயன்பட்டுக்கொண்டிருக்கும் ஓட்டைகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. இடைப்பட்ட மாதங்களில் பேட்ச் போட்டவர் தப்பித்தார். ஊர்ப்பாசத்தில் வாங்கலாம், ஊர்ப்பாசத்தில் பேட்ச் போடாமல் இருக்கக்கூடாது.

இத்தனை காசு கொட்டி பி.ஏ.எம். வாங்கியும் மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?
– கோவை வாசகர்

உண்டு. ஊபர், 2022 செப்டம்பர்.

ஒப்பந்த ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்ட் திருடன் கைக்குப் போனது. இரண்டாவது பூட்டாக, போனில் ‘நீங்கள்தானா?’ என்று கேட்கும் வசதி இருந்தது. திருடன் திரும்பத் திரும்ப முயல, அந்த மனிதருக்கு அறிவிப்பு மேல் அறிவிப்பு. பிறகு ‘நான் ஊபர் ஐ.டி.யிலிருந்து பேசுகிறேன், ஒப்புக்கொண்டால் நின்றுவிடும்’ என்கிற ரீதியில் வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி. மனிதர் சலித்துப்போய் ஒப்புதல் பட்டனை அழுத்திவிட்டார்.

இனிமேல்தான் நம் கதை. உள்ளே நுழைந்தவன் வெளியிட்ட விவரப்படி, நெட்வொர்க்கில் பொதுவாகத் திறந்து கிடந்த ஒரு ஃபோல்டரில் ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் இருந்தது. அந்த ஸ்கிரிப்டுக்குள் தைகோட்டிக் பெட்டகத்தின் அட்மின் பாஸ்வேர்ட், அப்பட்டமாக, எழுத்தில். அதை வைத்துப் பெட்டகத்தைத் திறந்தான். டொமைன், அமேசான் கிளவுட், கூகுள் ஒர்க்ஸ்பேஸ், சிங்கிள் சைன்-ஆன் என்று அத்தனை ரகசியமும் ஒரே இடத்தில் அடுக்கிக் கிடந்தன. நான் ஹேக்கர் என்று கம்பெனி ஸ்லாக்கில் அவனே அறிவித்தபோது ஊழியர்கள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்களாம்.

பெட்டகத்தில் குறை இல்லை. எல்லா பாஸ்வேர்டையும் ஒளித்துவைத்த நிர்வாகம், பெட்டகத்தின் பாஸ்வேர்டை மட்டும் வெளியே விட்டுவிட்டது. நீங்கள் எந்த பிராண்ட் வாங்கினாலும் நிறுவிய அன்றே செய்ய வேண்டிய வேலை: பெட்டகத்துக்குள் நுழையும் கணக்கு எந்த ஸ்கிரிப்டிலும், எந்த எக்ஸெல் தாளிலும் இல்லை என்று தேடிப் பார்ப்பது.

விற்கிற கம்பெனியிலேயே திருட்டு நடந்தால்?
– சேலம் வாசகர்

நடந்தது. 2024 டிசம்பரில் பியாண்ட்டிரஸ்ட்டின் தொலைதூர உதவி கிளவுட் சேவையின் ஒரு சாவி களவுபோனது. அதை வைத்து அமெரிக்க நிதித்துறையின் கணினிகளுக்குள் நுழைந்தார்கள். சீன அரசு ஆதரவு பெற்றவர்கள் என்றது அமெரிக்கா, இல்லவே இல்லை என்றது சீனா.

அதற்காக பியாண்ட்டிரஸ்ட்டை ஒதுக்க வேண்டாம், நாளைக்கு இன்னொருவர் பெயர் வரும். கேட்க வேண்டியது இது: உங்களிடம் திருட்டு நடந்தால் எத்தனை மணி நேரத்தில் எனக்குச் சொல்வீர்கள்? இதற்கு மழுப்பினால் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிடுங்கள்.

எங்கள் எம்.டி. தனக்கும் டொமைன் அட்மின் வேண்டும் என்கிறார். கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

கூடாது. வலை வீசுகிறவன் முதலில் குறிவைப்பதே அவர் மெயிலைத்தான். அவருக்குக் கம்பெனியே சொந்தம், டொமைன் எதற்கு?

ஏ.எம்.சி. எடுத்தவர்கள் எனிடெஸ்க்கில் நேராக சர்வருக்குள் வருகிறார்கள். பல வருடப் பழக்கம், நல்ல மனிதர்கள்.
– நூற்பாலை மேலாளர், ராஜபாளையம்

அவர்கள் நல்லவர்கள், நம்புகிறேன். அவர்கள் லேப்டாப்பும் நல்லதா? 2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி கார்டுகளின் விவரம் திருடுபோனது. திருடன் நுழைந்தது, குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்திருந்த லாகின் வழியாக. அந்த ஒப்பந்தக்காரர் ஒரு பைசா திருடவில்லை.

வெண்டருக்கு நிரந்தர லாகின் கூடாது. வேலை வந்தால் கேட்கட்டும், உங்கள் ஆள் ஒப்புதல் கொடுக்கட்டும், குறித்த நேரம் முடிந்ததும் கதவு தானாகச் சாத்தட்டும். நாலு கொட்டேஷனிலும் இந்த வசதி இருக்கும். ஆனால் சில இடங்களில் இது தனி லைசென்ஸ். அந்த வரியைத் தேடிப் படியுங்கள், சிறிய எழுத்தில் இருக்கும்.

டெமோ பார்க்கப் போகிறோம். என்ன கேட்கலாம்?
– சர்வர் நிர்வாகி, ஒரகடம்

அவர்கள் லேப்டாப்பில் டெமோ பார்க்காதீர்கள். அதில் எல்லாமே ஓடும். உங்கள் இடத்துக்கு வரச் சொல்லி, இருப்பதிலேயே பழைய ஸ்விட்சையும், யாரும் தொடப் பயப்படுகிற பழைய அப்ளிகேஷனையும் காட்டி, இதன் பாஸ்வேர்டை மாற்று பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம் சர்வீஸ் கணக்குகள். ராத்திரி பேக்கப் எடுக்கிற வேலை, மாதக் கடைசியில் சம்பளக் கணக்குப் போடுகிற வேலை, எல்லாம் ஏதோ ஒரு கணக்கின் பாஸ்வேர்டில்தான் ஓடும். அந்த பாஸ்வேர்ட் மூன்று சர்வரில், நாலு ஷெட்யூல்டு டாஸ்க்கில், ஒரு கான்ஃபிக் ஃபைலில் எழுதியிருக்கும். பி.ஏ.எம். நடுராத்திரி இரண்டு மணிக்கு பாஸ்வேர்டை மாற்றும். டாஸ்க்குகளிலும் மாற்றிவிடும், கான்ஃபிக் ஃபைலை மட்டும் விட்டுவிடும். காலையில் சம்பளம் போகாது. ஆபீஸ் முழுக்க உங்கள் பெயரைச் சொல்லும். பிறகு ‘அந்த ஆட்டோமேட்டிக் மாற்றத்தை ஆஃப் பண்ணு’ என்று ஓர் உத்தரவு வரும், அது திரும்ப ஆன் ஆகவே ஆகாது. பல நிறுவனங்களில் பி.ஏ.எம். பாதி உயிரோடு கிடப்பது இப்படித்தான்.

ஆகவே டெமோவில் கேளுங்கள்: ஒரு கணக்கு எங்கெங்கே பயன்படுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லுமா? பாதியில் தோற்றால் பழைய நிலைக்குத் திரும்புமா? பெட்டகமே படுத்துவிட்டால் நாங்கள் எப்படி உள்ளே போவது? மூன்றாவது கேள்விக்குச் சேல்ஸ்மேன் தன் டெக்னிக்கல் ஆளைத் திரும்பிப் பார்ப்பார். அந்த ஆள் சொல்வதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

விலையில் ஒளித்துவைக்கும் இடம் எது?
– கணக்காளர், கரூர்

ஒருவர் ஆளுக்கு இவ்வளவு என்பார், இன்னொருவர் சாதனத்துக்கு இவ்வளவு என்பார். அட்மின் குறைவு, சர்வர் அதிகம் என்றால் ஆள் கணக்கு லாபம். வெளியாட்கள் நிறைய வந்து போகிற இடமென்றால் சாதனக் கணக்கு. அதற்கு மேல் டி.ஆர். (பேரிடர்க்கால மாற்று) தளத்துக்கான பிரதி, நிறுவும் கூலி, பயிற்சி, வருட சப்போர்ட். அஞ்சு வருடத் தொகையை ஒரே தாளில் கூட்டிப் பாருங்கள். முதல் வருடம் மலிவாக இருந்தவர் அதில் முதலிடம் பிடிக்கமாட்டார்.

செஷன் ரெக்கார்டிங் போட்டதும் என் டீம் பையன்களுக்குக் கோபம். எங்களை நம்பவில்லையா என்கிறார்கள்.
– டீம் லீட், சோழிங்கநல்லூர்

நியாயமான கோபம், உட்காரவைத்துப் பேசுங்கள். டேட்டாபேஸில் ஏதாவது அழிந்துபோனால் முதலில் சந்தேகம் விழுவது ஷிஃப்டில் இருந்த பையன் மேல்தான். எல்லாரும் ஒரே ‘ரூட்’ பெயரில் நுழைகிற இடத்தில் அவன் தன்னை நிரூபிக்க வழியே இல்லை. அந்த ரெக்கார்டிங்தான் அவனுடைய சாட்சி. யார் அதைப் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம், எத்தனை நாளில் அழிப்போம் என்று எழுதிக் கையில் கொடுங்கள். மேலாளரின் செஷனையும் ரெக்கார்ட் பண்ணுங்கள், பாதிக் கோபம் போய்விடும்.

எங்கள் அட்மின் மிக நேர்மையானவர். எல்லா பாஸ்வேர்டும் அவர் தலைக்குள்ளேயே இருக்கிறது. எழுதிவைப்பதே ஆபத்து என்கிறார்.
– கல்லூரி முதல்வர், தஞ்சாவூர்

சான் ஃபிரான்சிஸ்கோ நகராட்சியிலும் டெர்ரி சைல்ட்ஸ் என்று ஒருவர் அப்படித்தான் இருந்தார். 2008 ஜூலையில், நகர நெட்வொர்க்கின் பாஸ்வேர்டை மேலதிகாரிகளுக்குத் தரமாட்டேன் என்று மறுத்துச் சிறைக்குப் போனார். கடைசியில் மேயர் கேவின் நியூசம் சிறைக்கே நேரில் போனபிறகு அவரிடம் மட்டும் சொன்னார். 2010-ல் நாலு வருடத் தண்டனை. இத்தனைக்கும் நெட்வொர்க் நிற்கவே இல்லை, அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தார்.

நல்ல அட்மினுக்கும் காய்ச்சல் வரும், கோபம் வரும், பைக் வழுக்கும். அவசர பாஸ்வேர்டை உறையில் ஒட்டி, இரண்டு பேர் கையெழுத்தோடு கல்லூரிப் பெட்டகத்தில் வையுங்கள். உறை கிழிந்தால் பாஸ்வேர்ட் மாற வேண்டும் என்பது விதி. பி.ஏ.எம். பெரியதாக வாங்கினாலும் இந்த உறை வேண்டும்.

கூட்டுறவு வங்கிக்கெல்லாம் இது தேவையா?
– கும்பகோணம் வாசகர்

புனேயின் காஸ்மாஸ் வங்கி, கூட்டுறவு வங்கிதான். 2018 ஆகஸ்டில் மால்வேரால் ஏ.டி.எம். பரிவர்த்தனை அமைப்பைக் கைப்பற்றி, 28 நாடுகளில் கார்டு தேய்த்து, ஸ்விஃப்ட் வழியாகவும் அனுப்பி, மொத்தம் 94 கோடி ரூபாயைக் கொண்டுபோனார்கள். அதற்கடுத்த வருடம், 2019 டிசம்பரில், நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கென்றே நாலு படியாகப் பாதுகாப்பு விதிகளை ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. உங்கள் வங்கி எந்தப் படி என்று செயலாளரைக் கேளுங்கள். அவர் தெரியாது என்றால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?
– ஓசூர் வாசகர்

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவு: பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்தில் சொல்ல வேண்டும். எல்லாரும் ஒரே அட்மின் பெயரில் நுழைகிற கம்பெனிக்கு, யார் செய்தது என்று கண்டுபிடிக்க ஆறு நாளும் போதாது.

நாற்பது பேர் கம்பெனி. பி.ஏ.எம். வாங்க வக்கில்லை. விதியே என்று இருக்க வேண்டியதுதானா?
– அம்பத்தூர் வாசகர்

எதற்கு? மைக்ரோசாஃப்ட்டின் லாப்ஸ், ஒவ்வொரு விண்டோஸ் கணினியின் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டையும் தனித்தனியாக வைத்துத் தானே மாற்றும். 2023 ஏப்ரல் முதல் விண்டோஸுக்குள்ளேயே வருகிறது, தனிக் காசு இல்லை. மெயில் பார்க்க ஒரு கணக்கு, அட்மின் வேலைக்கு வேறு கணக்கு என்று பிரியுங்கள், அதற்கும் காசு இல்லை. லினக்ஸில் நேரடி ரூட் லாகினை நிறுத்திவிட்டு சூடோ வழியாக வரச் சொல்லுங்கள். தொலைவிலிருந்து வருபவர்களை அப்பாச்சி குவாக்கமோலே வழியாக விட்டால் செஷனையும் பதிவு செய்யலாம், அதுவும் இலவசம். இந்த நாலையும் செய்யாத ஐயாயிரம் பேர் கம்பெனிகள் இருக்கின்றன.

ஹாஷிகார்ப் வால்ட் ஓப்பன் சோர்ஸ்தானே? டெவலப்பர்கள் அதையே கேட்கிறார்கள்.
– பெங்களூர்த் தமிழர்

2023 ஆகஸ்டில் லைசென்ஸை மாற்றிவிட்டார்கள், பழைய அர்த்தத்தில் இப்போது ஓப்பன் சோர்ஸ் இல்லை. அதிலிருந்து பிரிந்த ஓப்பன்பாவ், லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழலில் வளர்கிறது. ஹாஷிகார்ப்பை ஐ.பி.எம். 640 கோடி டாலருக்கு வாங்கி, 2025 பிப்ரவரியில் முடித்தது. வால்ட் சிறந்த கருவி, ஆனால் அது இயந்திரம் இயந்திரத்தோடு பேசும் ரகசியங்களுக்கு. ஒருவருக்கு எண்பதுக்கு மேல் இயந்திரக் கணக்குகள் என்கிறது சைபர்ஆர்க்கின் 2025 அறிக்கை. விற்கிறவர் கணக்கு, பாதியாகக் குறைத்தாலும் பயமாகத்தான் இருக்கிறது.

‘தேவைக்கு மேல் உரிமை கொடுக்காதே’ என்பதை முதலில் சொன்னது எந்தக் கம்பெனி?
– நாகர்கோவில் மாணவி

கம்பெனி இல்லை அம்மா, பேராசிரியர்கள். சால்ட்சர், ஷ்ரோடர் இருவரும் 1975-ல் எழுதிய கட்டுரையில் அந்தக் கொள்கைக்கு நல்ல விளக்கம் இருக்கிறது. படித்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போ, கேட்பவர்கள் உனக்கு நாற்காலி போடுவார்கள்.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கை எப்போது மூட வேண்டும்?
– எச்.ஆர்., கிண்டி

அவர் கேக் வெட்டும்போது. 2000-ல் ஆஸ்திரேலியாவின் மரூச்சி பகுதியில், கழிவுநீர்க் கட்டுப்பாட்டு வேலை பார்த்த கம்பெனியிலிருந்து விலகிய ஒருவர், கணினியும் ரேடியோவும் வைத்துப் பம்புகளை ஆட்டிவைத்தார். ஏறக்குறைய 8 லட்சம் லிட்டர் சாக்கடை பூங்காவிலும் ஆற்றிலும் பாய்ந்தது. மீன் செத்தது, ஊர் நாறியது.

உலகின் மோசமான பாஸ்வேர்ட்?
– புதுச்சேரி வாசகர்

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்புக் கேமரா சர்வருக்கு ஒரு காலத்தில் பாஸ்வேர்ட் ‘லூவர்’. 2014-ல் பிரெஞ்சு அரசின் தணிக்கையில் தெரிந்தது. உங்கள் கம்பெனிப் பெயரோடு 123 சேர்த்தவர்கள் சிரிக்க வேண்டாம்.

மருத்துவமனை நடத்துகிறோம். இத்தனையும் படித்தால் மலைப்பாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?
– திருச்சி மருத்துவர்

டாக்டர், 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கியபோது நாள்கணக்கில் நோயாளிகளைக் காகிதத்தில் பதிந்தார்கள். காத்திருந்தவர்கள் எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்த ஏழைகள். அதனால் மென்பொருள் கொட்டேஷன் வருகிறவரை காத்திருக்காதீர்கள். இன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன் உங்கள் ஐ.டி. ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ‘டொமைன் அட்மின்ஸ்’ குழுவைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படியுங்கள். யார் என்று தெரியாத பெயரையும், வேலையை விட்டுப் போனவர் பெயரையும் அங்கேயே முடக்கச் சொல்லுங்கள். எத்தனை பெயர் போயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.